வெள்ளிக்கிழமை தவறாத யு4

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் பெரியம்மா வீட்டு ஹால் ஏர்கோனை எனக்கு முன்னால் இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். முதலில் வந்தவர் கேஸ் குறைந்திருக்கிறது என்று ஊற்றி 180 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு போனார். அடுத்தவர் வெளி யூனிட்டின் போர்டை மாற்றி 780 வெள்ளி வாங்கினார். 960 வெள்ளி போன பிறகும் உள் யூனிட்டில் அதே பச்சை விளக்குச் சிமிட்டல், ரிமோட்டில் அதே யு4 என்ற கோளாறுக் குறியீடு. மூன்றாவதாக என்னைக் கூப்பிட்டார்கள். செம்பனை எண்ணெய் ஆலையில் சார்ஜ்மேன், அதாவது மின்சாரத்தைக் கவனிக்கிற வேலை பார்க்கிறேன் என்பது ஒரு காரணம். காசு கேட்க மாட்டான் என்பது பெரிய காரணம்.

"வெள்ளிக்கிழமையானா நின்னுருதுய்யா. பக்கத்து வீட்டு அக்கா கம்ப்ரசர்ல எலுமிச்சம்பழம் கட்டச் சொல்லுது," என்றார் பெரியம்மா போனில்.

வெள்ளிக்கிழமை என்றதை நான் அப்போது காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இரண்டு சாயங்காலங்கள் மிச்சமாகியிருக்கும்.

வீடும் சாமான்களும்

ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகிற பழைய பெரிய ரோட்டில் வரும் ஊர். சுற்றிலும் ரப்பராக இருந்தது, இப்போது பெரும்பாலும் செம்பனை. பெரியம்மா தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் நாற்பது வருஷம் இருந்துவிட்டு, பெரியப்பா போன பிறகு மகனுடைய தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு வந்தவர். ஒற்றை மாடி வரிசை வீடு. ஹாலின் மேற்குச் சுவர் மத்தியானம் முழுக்க வெயில் குடித்துவிட்டு ராத்திரி பத்து மணி வரை அதைத் திருப்பிக் கொடுக்கும். பங்குனி மாதத்தில் அந்த ஹாலில் காற்றாடி வெறும் சூட்டைத்தான் சுற்றிக் கொடுக்கும்.

மகன், எனக்குத் தம்பி முறை, சிங்கப்பூரில் வேலை. அம்மா தனியாக இருக்கிறார் என்று ஹாலில் 1.5 குதிரைத்திறன் இன்வெர்ட்டர் ஏர்கோன் போட்டுக் கொடுத்தான். பெரியம்மா அதை அணைத்துவிட்டு வேர்த்துக்கொண்டு உட்காருவார், கரண்டு பில் பயம். தோட்டத்தில் ஜெனரேட்டர் ராத்திரி நின்றுபோகும் காலத்தில் வளர்ந்த கை, சுவிட்சைக் கண்டால் அணைக்கத்தான் போகும். அதனால் போன வருஷம் சுவரில் ஒரு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் மாட்டினான். உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி. அறையின் சூட்டை அதுவே பார்த்து, டிவி ரிமோட் மாதிரி இன்ஃப்ராரெட் மூலம் ஏர்கோனுக்கு உத்தரவு போடும். வைஃபை வழியாகச் சிங்கப்பூரில் இருக்கிற போனுக்கும் சேதி சொல்லும். அறை 30 டிகிரியைத் தாண்டினால் ஏர்கோனை 18-இல் முழுக் காற்றுக்குப் போடு, அடங்கியதும் 26-க்குத் திரும்பு என்று ஒரு விதியும் எழுதி வைத்திருந்தான்.

இந்தப் பெட்டியைப் பற்றி ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இன்ஃப்ராரெட் ஒருவழிப் பேச்சு. பெட்டி சொல்லும், ஏர்கோன் கேட்டதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. ஏர்கோன் யு4 போட்டு நின்றுபோன பிறகும் சிங்கப்பூர்ப் போனில் "குளிரூட்டுகிறது" என்றே இருக்கும். "அம்மா, ஏர்கோன் ஓடுதுன்னுதானே காட்டுது" என்று அவன் அங்கிருந்து சொல்ல, இவர் இங்கே மேகி அட்டையால் விசிறிக்கொண்டு, "உன் போன்ல ஓடுது, என் வீட்ல ஓடலயே" என்று சொல்ல, இப்படியே பல நாள் போயிருக்கிறது.

யு4 யார் போட்ட புகார்

இந்த ஏர்கோனின் ரிமோட்டில் கேன்சல் பொத்தானைச் சுமார் ஐந்து வினாடி அழுத்திப் பிடித்தால் திரையில் 00 சிமிட்டும். பிறகு ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு கோட், அதாவது கோளாறுக் குறியீடு, மாறும், குட்டையாக ஒரு பீப் கேட்கும். எந்தக் கோடில் நீளமாகப் பீப் வருகிறதோ அதுதான் கோளாறு. கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும், கோடும் மாறும். உள் யூனிட்டும் வெளி யூனிட்டும் பேசிக்கொள்ள முடியாத அதே கோளாறு பானாசோனிக்கில் எச்11, எல்ஜியில் சிஎச்05. ஆகவே யாரோ ஒருவர் வீட்டுக் கோடின் அர்த்தத்தைக் கேட்டு வந்து நம் வீட்டு ஏர்கோனில் தேடக்கூடாது. வாங்கும்போது கொடுத்த புத்தகத்தை அரிசி டின்னுக்கு அடியில் போடாமல் வைத்திருந்தால் அதில் பட்டியல் இருக்கும்.

யு4 என்றால் தொடர்பு அறுந்தது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். தோட்டத்தில் வேலை வாங்குகிற தண்டலிடம் ஓடிப்போய் முதலில் அழுகிறவன் ஒருவன், அடித்தவன் வேறொருவன் என்று இருக்கும். கோடும் அப்படித்தான். உள் யூனிட் போர்டு, "நான் கேட்டேன், வெளியிலிருந்து பதில் வரவில்லை" என்று எழுதிக் கொடுக்கிற புகார் அது. பதில் வராததற்கு வெளி போர்டு செத்திருக்கலாம். உள் போர்டுக்கே காது கேட்காமல் போயிருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் ஓடும் வயர் அறுந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம். வெளி யூனிட்டுக்குக் கரண்டே போகாமல் இருக்கலாம். நம் ஊரில் பல்லி போர்டின் மேல் போய்ப் படுத்து இரண்டு முனைக்கும் பாலம் போட்டுச் செத்துக் கிடப்பதும், எறும்பு டெர்மினலுக்குள் குடும்பம் நடத்துவதும் சாதாரணம்.

போர்டை மாற்றியவர்மேல் எனக்குக் கோபமில்லை. பட்டியலில் முதலில் இருக்கிற, விலை அதிகமான பொருளை மாற்றுவது இந்தத் தொழிலில் பழக்கமாகிவிட்டது. ஆனால் கேஸ் ஊற்றியவரை நான் மன்னிக்கத் தயாரில்லை. ஏர்கோன் கேஸ் பெட்ரோல் கிடையாது, ஓட ஓடத் தீர்ந்துபோக. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ஒழுகலைத் தேடாமல் ஊற்றுவதும், தொடர்பு அறுந்த கோடுக்குக் கேஸ் ஊற்றுவதும் எந்தக் கணக்கில் சேரும்?

நான் ஏமாந்த இடங்கள்

நான் போன முதல் சாயங்காலம் சுவர்ப் பெட்டியே வேறு ஒரு கோட் காட்டிக்கொண்டிருந்தது. போனில் "இணைப்பு இல்லை". இரண்டு கோட் ஒரே நேரத்தில் என்றால் இரண்டுக்கும் ஒரே காரணம் என்று மனசு தானாக முடிச்சுப் போட்டுவிடும். நானும் போட்டேன். கடைசியில் பார்த்தால் அந்த வாரம்தான் இணையக்காரர்கள் வந்து புது ரவுட்டர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெயரும் பாஸ்வர்டும் மாறியிருந்தன. அதோடு புது ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் ஒரே பெயரில் விட்டிருந்தது. இந்த மாதிரிச் சின்னப் பெட்டிகளில் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ரவுட்டரில் 2.4-க்குத் தனிப் பெயர் கொடுத்து, பெட்டியை அதில் சேர்த்ததும் "இணைப்பு இல்லை" போய்விட்டது. ராத்திரி ஒன்பதரை. பெரியம்மா போட்ட தே ஆறிப் போயிருந்தது. யு4-க்கும் வைஃபைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதுதான் அன்றைய வருமானம்.

தம்பி தன் பங்குக்கு அங்கிருந்து ஆராய்ச்சி செய்து, "அண்ணே, சி-வயர் இருக்கான்னு பாருங்க. தெர்மோஸ்டாட் கோளாறுக்கெல்லாம் அதான் காரணமாம்" என்றான். அமெரிக்காவில் வீட்டுக்கெல்லாம் நடுவே ஒரு பெரிய ஹீட்டரும் ஏர்கோனும் இருக்கும், சுவரில் இருக்கிற தெர்மோஸ்டாட்டுக்கு அதிலிருந்து 24 வோல்ட் சின்ன வயர்கள் வரும். அந்தக் கட்டில் ஒன்றுதான் சி-வயர். நம் தாமான் வீட்டு ஸ்ப்ளிட் ஏர்கோனில் அப்படி ஒரு வயரே கிடையாது. பெட்டிக்குக் கரண்டு போன் சார்ஜரிலிருந்து வருகிறது. இல்லாத வயரைத் தேடச் சொல்கிற வீடியோக்கள் அங்கே உள்ளவர்களுக்கு உபயோகம்தான், பனி கொட்டுகிற ஊரில்.

இரண்டாவது சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவின் வாதத்துக்குக் கொடுத்தேன். "ஏழு மணிக்கு எல்லாரும் வேலைலேர்ந்து வந்து தண்ணி ஹீட்டர் போடுவாங்கலா, கரண்டு கொறையும், அதான் நிக்குது." கேட்க நியாயமாக இருந்தது. மீட்டரை எடுத்துக்கொண்டு மெயின் பெட்டி அருகில் ஏழே காலுக்கு நின்றேன். 236 வோல்ட். மலேசியாவில் 2008-லிருந்து வீட்டுக்கு வரவேண்டிய அளவு 230 வோல்ட், மேலே 10 விழுக்காடு கீழே 6 விழுக்காடு வரை ஆடலாம். அதாவது 216-க்கும் 253-க்கும் நடுவில் எங்கிருந்தாலும் சரி. 236-க்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹாலில் பச்சை விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

555 புத்தகம்

அப்போதுதான் பெரியம்மா சாமி மேடைக்குக் கீழே இருந்த டிராயரைத் திறந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்து வந்தார். மளிகைக் கடைக் கணக்கு எழுதுகிற அதே குட்டிப் புத்தகம். இந்தக் குடும்பத்தில் எல்லாம் 555-இல்தான் ஏறும். 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கட்டிய பணத்தைக்கூடப் பெரியப்பா ஒரு 555-இல் எழுதி வைத்திருந்தார். ஏர்கோன் நின்ற நாளையெல்லாம் பெரியம்மா பென்சிலால் குறித்திருந்தார். முன்பு வந்த இரண்டு பேருமே அவரிடம் "எப்பம்மா நிக்குது?" என்று கேட்கவில்லை. நானும் முதல் நாள் கேட்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஏழு வாரக் கணக்கு இருந்தது. காலையில் நின்றதாக ஒரு நாள்கூட இல்லை. எல்லாம் சாயங்காலம் ஏழிலிருந்து ஏழே முக்காலுக்குள். செவ்வாயும் வெள்ளியும் கிட்டத்தட்டத் தவறாமல் இருந்தன. மற்ற நாட்களில் எப்போதாவது. ஒரு பக்கத்தில், "உடனே போட்டா மறுபடி நிக்கிது. சாப்ட்டுட்டு போட்டா ஓடுது" என்று இருந்தது. இந்த ஒரு வரி போர்டை மாற்றியவர் கையில் கிடைத்திருந்தால் அவரும் யோசித்திருப்பார். உடனே போட்டால் நிற்கும், அரை மணி கழித்துப் போட்டால் ஓடும் என்றால் ஏதோ ஒன்று சூடாகி, ஆறி, மறுபடி சூடாகிறது.

நடுவில் இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு குறிப்பும் இல்லை. போர்டு மாற்றிய நாளிலிருந்து பதினைந்து நாள் ஒழுங்காக ஓடியிருக்கிறது. அதனால்தான் எல்லாரும் போர்டுதான் கோளாறு, மாற்றியதும் சரியாகிவிட்டது, இப்போது புது போர்டும் போய்விட்டது என்று நினைத்தார்கள். தம்பி வாரண்டி கேட்டுச் சண்டை போடக்கூடத் தயாராக இருந்தான்.

"அந்த பதினஞ்சு நாளு நீங்க வீட்லதான் இருந்தீங்களா பெரிம்மா?"

"வீட்லதான்யா. எங்க போறது? பங்காளி வீட்ல சாவு விழுந்துச்சே. தீட்டு. வெளக்குகூட ஏத்தல."

விளக்கு ஏற்றவில்லை.

திரும்பிச் சுவரைப் பார்த்தேன். ஸ்மார்ட் பெட்டி சாமி மேடைக்குப் பக்கத்தில், விளக்கு வைக்கிற இடத்திலிருந்து முழங்கை நீளத்துக்கு மேலே, கொஞ்சம் சாய்வாக இருந்தது. அங்கேதான் பிளக் பாயிண்ட் இருந்தது என்று தம்பி அங்கே மாட்டியிருக்கிறான். தினமும் ஏழு மணிக்குக் காமாட்சி விளக்கு, ஒரு திரி. செவ்வாயும் வெள்ளியும் ஐந்து முகக் குத்துவிளக்கு, கூடவே சாம்பிராணி. சாவு விழுந்த மறுநாள் போர்டு மாறியிருக்கிறது. பதினாறாம் நாள் கருமக்கிரியை முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு ஏறியிருக்கிறது. 555-இல் அடுத்த குறிப்பு அன்றைக்குத்தான்.

விளக்கிலிருந்து ஏர்கோன் வரை

விளக்குச் சூடு ஏர்கோனை நிறுத்துமா என்று தம்பி போனில் சிரித்தான். நிறுத்தாது, ஆனால் பெட்டியை ஏமாற்றும். பெட்டியின் ஆப்பில் சூட்டின் கணக்கு வரைபடமாக இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமையைத் திறந்து பார்க்கச் சொன்னேன். 6.55-க்கு 26.8 டிகிரி. 7.10-க்கு 31.4. கால் மணியில் ஹால் ஐந்து டிகிரி சூடானதாகப் பெட்டி நம்பியிருக்கிறது. மறுநாள் சும்மா ஒரு திரி ஏற்றச் சொல்லி, சோபாமேல் ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மோமீட்டரை வைத்தேன். சோபாவில் 26.6. பெட்டியில் 29.3. ஒரு திரிக்கு 30-ஐத் தொடவில்லை, அதனால் அன்று ஏர்கோன் நிற்கவில்லை. ஐந்து திரிக்குத் தொடும், தாண்டும். மற்ற நாட்களில் எப்போதாவது நின்றது ஏன் என்பதும் புரிந்தது. வெயில் அதிகமாக அடித்த நாளில் ஹால் 28-இல் இருந்தால் ஒரு திரியே போதும்.

தாண்டியதும் விதி வேலை செய்கிறது. 18 டிகிரி, முழுக் காற்று. அதுவரை நடந்துகொண்டிருந்த கம்ப்ரசர் ஓட ஆரம்பிக்கிறது. இன்வெர்ட்டர் ஏர்கோனின் சமாச்சாரமே அதுதான். அறை அடங்கியிருந்தால் கம்ப்ரசர் மெதுவாகச் சுற்றும், கரண்டும் கொஞ்சமாக இழுக்கும். குளிர் அதிகம் கேட்டால் வேகமாகச் சுற்றி மூன்று பங்கு இழுக்கும். சாதாரண சாயங்காலத்தில் பெரியம்மா வீட்டு ஏர்கோன் ஒருபோதும் முழு வேகத்துக்குப் போனதில்லை. விளக்கு ஏறிய சாயங்காலங்களில் போயிருக்கிறது.

இது பாதி விடைதான். நல்ல ஏர்கோன் முழு வேகத்தில் ஓடினால் நிற்காது, ஓடத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். முழு வேகத்தில் மட்டும் அறுகிற ஏதோ ஒன்று இன்னும் உள்ளே இருந்தது. பெட்டியை இடம் மாற்றிவிட்டுப் போயிருந்தால் யு4 நின்றிருக்கும், எல்லாரும் கைதட்டியிருப்பார்கள், அந்த ஏதோ ஒன்று சிலிங்குக்குள் சத்தமில்லாமல் இருந்திருக்கும். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

காலை பத்து மணிக்கு ஒரு சாயங்காலம்

ரிப்பேர்க்காரர்கள் காலையில் வருகிறார்கள், கோளாறு சாயங்காலம் வருகிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நானே ஒரு சாயங்காலத்தை உண்டாக்கினேன். சுவர்ப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஏர்கோனைச் சாதாரண ரிமோட்டால் 18-இல் முழுக் காற்றுக்குப் போட்டு, வாசல் கதவையும் பின்கதவையும் திறந்து வைத்தேன், அறை குளிர்ந்து கம்ப்ரசர் ஓய்ந்துவிடக் கூடாது என்று. "கதவ தொறந்து போட்டு ஏர்கோனா!" என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

இந்த வீட்டில் கரண்டு முதலில் உள் யூனிட்டுக்கு வந்து, அங்கிருந்து சிலிங் வழியாகப் பின்பக்கம் இருக்கிற வெளி யூனிட்டுக்குப் போகிறது. போவது நான்கு வயர். முதலாவது லைவ், இரண்டாவது நியூட்ரல், மூன்றாவது சிக்னல், நான்காவது எர்த். இரண்டு யூனிட்டும் பேசுவது மூன்றாம் வயரில். ஆனால் பேச்சுக்குத் திரும்பி வர ஒரு வழி வேண்டுமே, அதற்கு இரண்டாம் வயரையே பயன்படுத்திக்கொள்கிறது. கம்ப்ரசரின் முழுக் கரண்டும் திரும்புகிற அதே நியூட்ரல். தோட்டத்துச் செம்மண் ரோட்டில் செம்பனைக்குலை லோரியும் பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளும் சேர்ந்து போகிற மாதிரி. ரோடு நன்றாக இருக்கும்வரை இரண்டும் போகும்.

இதற்குமேல் நான் செய்ததை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். மூடியைக் கழற்றி, ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்கிற வேலை. வெளி யூனிட் போர்டில் இருக்கிற கப்பாசிட்டர்களில் மெயினை அணைத்த பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். பழகினவர்களே பத்து நிமிஷம் காத்திருந்துதான் கை வைப்பார்கள்.

முதலில், வயரைக் கவ்விக் கரண்டை அளக்கிற கிளாம்ப் மீட்டரில் 2 ஆம்பியர். உள் யூனிட் டெர்மினலில் 237 வோல்ட், வெளியில் 234. கம்ப்ரசர் வேகம் ஏற ஏற 4, 5, கடைசியில் 6 ஆம்பியர். உள்ளே 237, வெளியே 228. ஒன்பது மீட்டர் வயரில் 9 வோல்ட் காணாமல் போகிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஒரு கிலோமீட்டருக்கு 12 ஓம் சொச்சம். போகவர 18 மீட்டருக்கு 0.22 ஓம். 6 ஆம்பியரில் 1.3 வோல்ட் போகலாம், அது நியாயமான இழப்பு. மிச்சம் 7.7 வோல்ட் எங்கே போகிறது? 7.7-ஐ 6-ஆல் பெருக்கினால் 46 வாட். ஒரு சால்டரிங் அயர்ன் சிலிங்குக்குள் யாருக்கும் தெரியாமல் எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாம் வயருக்கும் மூன்றாம் வயருக்கும் நடுவில் இன்னொரு மீட்டரை வைத்திருந்தேன். பேச்சு நடக்கும்போது அந்த எண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். பதினேழாவது நிமிஷம் ஆட்டம் விட்டு விட்டு வந்தது. பத்தொன்பதில் அப்படியே உறைந்தது. ஹாலிலிருந்து பெரியம்மா குரல்: "பச்ச சிமிட்டுதுய்யா!" காலை பத்தரைக்கு, விளக்கே ஏற்றாமல், ஞாயிற்றுக்கிழமையில் யு4.

மெயினை அணைத்து, காத்திருந்து, உள் யூனிட்டிலிருந்து வயர் போகிற வழியில் சிலிங் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். இரண்டரை மீட்டர் தள்ளி இருந்தது. ஏர்கோன் மாட்டியவருக்கு வயர் எட்டவில்லை போல. இன்னொரு துண்டை முறுக்கிச் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார். கிரிம்ப் இல்லை, கனெக்டர் இல்லை, பெட்டி இல்லை. மூன்று முடிச்சுகள் பரவாயில்லை. நியூட்ரல் முடிச்சில் டேப் கருகி, பழைய வெல்லம் மாதிரி கெட்டியாக ஒட்டியிருந்தது. உரித்தால் செம்பு கறுத்து, ஒரு பக்கம் பச்சை பூத்திருந்தது. மேலே கிடந்த மரச்சட்டத்தில் கட்டை விரல் அகலத்துக்குப் பழுப்புக் கறை.

முடிச்சு தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடாகும், சூடாகி ஆறி விரிந்து சுருங்கினால் இன்னும் தளரும். மூன்று வருஷமாக இது நடந்திருக்கிறது. குறைந்த கரண்டில் அது தாங்கும். 6 ஆம்பியரில் கால் மணி ஓடியதும் முடிச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத தீப்பொறி, நியூட்ரல் ஒரு கணம் விட்டு மறுகணம் பிடிக்கும். லோரி குழியில் இறங்கி ஏறிவிடும், சைக்கிள் விழுந்துவிடும். கம்ப்ரசருக்கு அந்த விடுகை பெரிதில்லை, சிக்னலுக்கு அது மரணம். உள் போர்டு கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு யு4 எழுதிவிடும். அணைத்து அரை மணி விட்டால் முடிச்சு ஆறும், மறுபடி ஓடும். "சாப்ட்டுட்டு போட்டா ஓடுது."

இரண்டு யூனிட்டுக்கும் நடுவில் ஓடும் வயரில் முடிச்சுப் போடக் கூடாது, ஒரே துண்டாக இருக்க வேண்டும் என்று மாட்டும் புத்தகத்திலேயே இருக்கிறது. சிலிங்குக்கு மேலே யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான். புது வீடோ பழைய வீடோ, ஏர்கோன் மாட்டும்போது ஸ்டூல் போட்டு ஏறிச் சிலிங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள் என்று நான் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி இப்போது கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன்.

சரிசெய்தது

வயரை நான் மாற்றவில்லை. ஆலையில் சார்ஜ்மேன் என்றால் வீட்டு வயரிங்கில் கை வைக்கலாம் என்று அர்த்தமில்லை. அதற்கு எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேன் வேண்டும், 1994 மின்சார ஒழுங்குமுறைகளில் இருக்கிற விஷயம். கூடப் படித்த நண்பர் ஒருவர் பதிவுபெற்றவர். புதன்கிழமை வந்து 2.5 சதுர மில்லிமீட்டரில் நான்கு வயர் கேபிள், ஒரே துண்டாக, பத்து மீட்டர் இழுத்தார். பழைய குழாயோரமே கொண்டுபோய், இரண்டு முனையிலும் டெர்மினல் இறுக்கி, எர்த் சோதித்து, 210 வெள்ளி. அதுவரை ஏர்கோனைத் தொடவே வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். செவ்வாய்க்கிழமை மட்டும் சந்தேகம் கேட்டுப் போன் வந்தது, விளக்கு ஏற்றலாமா என்று. விளக்குக்கும் தீட்டு வந்துவிட்டதோ என்று பயந்துவிட்டார் பாவம்.

சுவர்ப் பெட்டியை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், வெயில் குடிக்காத உள்பக்கச் சுவரில். ஏர்கோன் காற்று நேராகப் படாத இடமாகவும் பார்த்தோம். படுகிற இடத்தில் வைத்திருந்தால் அது வேறு விதமாக ஏமாந்திருக்கும். 30-ஐத் தாண்டினால் 18 என்ற விதியை எடுத்துவிட்டு, 28-ஐத் தாண்டினால் 25 என்று தம்பியை மாற்றச் சொன்னேன். பெரியம்மாவுக்கு 18 எப்போதும் வேண்டியிருந்ததில்லை. சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர்.

அடுத்த வெள்ளிக்கிழமை மீட்டரோடு போனேன். குத்துவிளக்கு, ஐந்து திரி, சாம்பிராணி. ஏழரைக்குப் பெட்டி 26.9, சோபாவில் 26.7, கரண்டு 2.1 ஆம்பியர். அது போதாது என்று கதவைத் திறந்து 18-க்குப் போட்டு முக்கால் மணி ஓட்டினேன். 6 ஆம்பியரில் உள்ளே 236, வெளியே 235. கணக்குப்படி இழப்பு ஒரு வோல்ட்டுக்குள் அடங்க வேண்டும், மீட்டரின் கடைசி இலக்கம் அந்த அளவுக்குத்தான் சொல்லும். பச்சை விளக்கு அசையவில்லை.

பழைய போர்டு நல்ல போர்டாகத்தான் இருந்திருக்கும். அதைக் கழற்றியவர் எடுத்துப் போய்விட்டார், 780 வெள்ளியும் அதோடு போயிற்று. கருகிய முடிச்சைத் தம்பி கேட்டான் என்று பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறேன். அவன் தீபாவளிக்கு வரும்போது ஏர்கோன் மாட்டியவரிடம் காட்டப் போகிறானாம். பெரியம்மாவுக்கு அதில் அக்கறையில்லை. பெட்டி இருந்த சுவரில் இரண்டு ஆணி ஓட்டை தெரிகிறது, அதை அடைக்க எப்போது வருவாய் என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.